பாடபேதங்கள் கொண்ட ஒரு வண்டி

பழைய வண்டியொன்றை மீட்டெடுக்க முற்படுகிறவர்கள் எஞ்சினைக் கண்டு அஞ்சுவதில்லை. எஞ்சின் என்பது அளவுகளின் உலகம். தேய்ந்தது எது, எத்தனை மைக்ரான் தேய்ந்தது, எதை மாற்றவேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் இருவர் வசமிருக்கும் 1968ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3இன் 1296 சி.சி. எஞ்சின், 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சிறு காருக்காக 803 சி.சி.யில் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பம் பெருத்துப் பெருத்து 1500 சி.சி. வரை வந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் வெவ்வேறு வண்டிகளில் குடியிருந்திருக்கிறது. ஆகவே அதன் பிஸ்டன் வளையமும் பேரிங்கும் இன்றைக்கும் தொலைபேசியில் சொன்னால் நாளை மறுநாள் வாசலுக்கு வந்துவிடும்.

உடல்தான் சிக்கல். புதுப்பேட்டையில் இதை ‘பாடி’ என்பார்கள். “வண்டி நல்ல வண்டிதான், பாடி போயிடுச்சு” என்று அங்கே ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்தின் முதற்பாதி வெறும் மரியாதைக்காகச் சொல்லப்பட்டது என்று அறிக.

ஸ்பிட்ஃபயரின் உடலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதன் மூத்த சகோதரனான ஹெரால்டிலிருந்து தொடங்கவேண்டும். 1950களில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு வெளியுடல் அடித்துத் தந்தவர்கள் ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953இல் அவர்களைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்து வரும் காருக்கு உடல் செய்து தர ஆளில்லை. முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தி எடுக்கும் வசதி தம்மிடம் இல்லாத நிலையில், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரும் அவர் குழுவினரும் காலம் பின்னே தள்ளிவிட்ட தனி சேஸ் முறைக்கே திரும்பினார்கள். அதன்மேல், வெவ்வேறு பட்டறைகளில் செய்த உடற்பகுதிகளைப் போல்ட் போட்டு இணைத்தார்கள். உருவம் வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கலோட்டி. 1959இல் வெளிவந்த ஹெரால்டு இப்படித்தான் பிறந்தது. வேறு வழியின்மையிலிருந்து ஒரு வடிவம் பிறப்பது இலக்கியத்தில் நாம் அடிக்கடி காண்பதுதான்; இயந்திரத்திலும் அது உண்டு.

துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றவும், சேருமிடத்தில் பூட்டவும் ஏற்ற உடலாக அது அமைந்துபோயிற்று. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அது உருவானது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் தயாரானது என்பதை இங்குள்ள டிரையம்ப் பித்தர்களிடம் சொன்னால், காணாமல்போன காவியம் ஒன்றின் பெயரைக் கேட்டவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். எங்கள் அப்பா புதுப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். அவர் கையில் எத்தனை ஹெரால்டுகள் உருண்டனவோ, கணக்கில்லை. ஒரு வண்டியின் முன்முகத்தையும் இன்னொன்றின் பின்பாதியையும் கோத்து மூன்றாவதாக ஒன்றை ஓடவிட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஹெரால்டின் சேஸைச் சுமார் எட்டரை அங்குலம் குறுக்கி, அதே முன் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் வைத்து 1962இல் செய்யப்பட்டதுதான் ஸ்பிட்ஃபயர். ஸ்பிட்ஃபயரை அப்பா நேரில் கண்டதில்லை. ஆனால் புகைப்படத்தில் அதன் முன் சக்கரங்கள் தெரியும்படி திறந்துகிடந்த வயிற்றைப் பார்த்ததுமே, “இது நம்ம ஹெரால்டுதாண்டா” என்றார்.

ஒரு வேறுபாடு உண்டு. எங்கள் இரண்டாண்டு உழைப்பை அந்த வேறுபாடுதான் விழுங்கியது. ஹெரால்டின் சேஸில் இரு ஓரங்களிலும் உடலைத் தாங்கும் பக்கச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை நீக்கப்பட்டு, நடுமுதுகெலும்பு மட்டும் எஞ்சியது. கதவுக்குக் கீழே ஓடும் வாசற்படி போன்ற பகுதி, ஆங்கிலத்தில் ‘சில்’ எனப்படுவது, அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டது. பார்ப்பவர்களுக்கு அது ஓர் அலங்கார விளிம்பு. உண்மையில் உள்தகடு, வெளித்தகடு, இடையே வலுவூட்டும் தகடு என அடுக்கி மூடிய ஒரு பெட்டித் தூண் அது. கூரையற்ற வண்டி நடுவில் ஒடியாமல் இருப்பது பெரிதும் இதனால்தான். பிரிட்டிஷ் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, சக்கரம் வாரியடிக்கும் சேற்றோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்குள் புகுந்து, உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளியே துரு தெரியும்போது உள்ளே தின்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

சில் தகடுகள் புதிதாகக் கிடைக்கின்றன. விலையும் தாங்கக்கூடியதே. ஆனால் பழையதை வெட்டியெடுக்குமுன் உடல் சேஸின்மேல் பூட்டியபடியே இருக்கவேண்டும். கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே கம்பி பற்றவைத்து முட்டுக் கொடுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முடித்தபின்பே மறுபக்கத்தைத் தொடவேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் உடல் ஓரிரு மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். அதன்பின் கதவு ஆயுளுக்கும் சரியாகச் சாத்தாது. நாங்கள் கதவை மாட்டி, கழற்றி, மீண்டும் மாட்டிப் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து பலநாள் கவனித்துவிட்டு, “கதவை விற்கப் போகிறீர்களா?” என்று ஒருநாள் கேட்டார்.

தகடு வாங்குவதில் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ‘பேட்டர்ன்’ தகடு என்றால் மூல அச்சில் அடிக்கப்படாத, பின்னாளில் வேறொருவர் பார்த்துச் செய்த தகடு. சில நன்றாகவே இருக்கின்றன. சிலவற்றில் மூலத் தகட்டில் கத்தி விளிம்பாக ஓடும் கோடு, சோப்புக்கட்டி கரைந்ததுபோல் மழுங்கிக் கிடக்கும். துளைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. இதற்கு மாறாக, அந்தக் காலத்திலேயே மூல ஆலை அடித்து, எங்கோ ஒரு கிடங்கில் விலைபோகாமல் கிடந்து, இன்றைக்கு எண்ணெய்க் காகிதத்தோடு வெளிவரும் தகடுகளும் உண்டு. அவற்றின் விலையைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை. எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், 1988 முதல் மூல அச்சுகளைக் கொண்டே முழு உடலும் புதிதாகச் செய்து தரப்படுகிறது. ஸ்பிட்ஃபயர்க்காரர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

எங்களுக்குச் சில், தரைத்தகடு, பேட்டரி அமிலம் தின்ற மேடை எல்லாம் ஒருவாறு அமைந்தன. அமையாமல் நின்றது பானெட்.

ஸ்பிட்ஃபயரின் பானெட் என்பது மூடியல்ல. இரு மட்கார்டுகள், விளக்குக் குழிகள், மூக்கு, நடுப்பலகை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, முன்விளிம்பில் கீல் வைத்து, வண்டியின் மூன்றிலொரு பங்கு அப்படியே முன்னோக்கிக் கவிழும். அதுதான் வண்டியின் முகம். எங்கள் வண்டியின் முகத்தில் நாங்கள் வாங்கும்போது கண்ணாடிபோல் வர்ணம் மின்னியது. காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போவது அப்பா கற்றுத்தந்த வழக்கம். அது விளக்குக் குழிக்குக் கீழே ஓரிடத்திலும் ஒட்டவில்லை. தெரிந்தேதான் வாங்கினோம். சுரண்டியபோது அரை அங்குலப் பட்டி உதிர்ந்தது. பட்டிக்கு அடியில் கோழிவலை. வலைக்கு அடியில் கசக்கித் திணித்த செய்தித்தாள். அதற்கும் அடியில் தகடு இருந்ததற்கான துருப்பொடி. முந்தைய உரிமையாளர் யாரோ ஒருவர், தன் காலத்துக்கு நின்றால் போதும் என்று செய்த உரை அது.

மாற்றுப் பானெட் தேடினோம். இந்த இடத்தில் ஏட்டுச்சுவடிப் பதிப்பைப் பற்றி வாசித்தவர்களுக்குப் பழக்கமான ஓர் உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை ஐந்து வடிவங்களில் மூன்று லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. மார்க் 1, 2, 3இன் மட்கார்டுகளின்மேல் நீளவாட்டில் இணைப்புக் கோடு ஓடும். அதன்மேல் பளபளக்கும் பட்டை பதித்திருப்பார்கள். 1967இல் மார்க் 3 வந்தபோது, அமெரிக்க விதிக்காக முன் பம்பரை மேலே ஏற்றினார்கள். வாயில் எலும்பைக் கவ்வியதுபோல் இருக்கிறது என்று அக்காலத்தில் கேலி பேசப்பட்டது. (எங்களுக்கு அந்த எலும்புதான் பிடித்தது.) 1970இல் மார்க் 4க்காக மிக்கலோட்டி முகத்தை வழித்து எழுதி, இணைப்புக் கோடுகளையே இல்லாமல் செய்துவிட்டார். ஆறு சிலிண்டர் எஞ்சினுள்ள ஜி.டி.6 என்ற உடன்பிறப்பின் பானெட்டில் காளைக்குப் போலத் திமில் இருக்கும். இவற்றில் எதையும் எங்கள் வண்டியில் மாட்டவே முடியாது என்றில்லை. மாட்டினால் அது இடைச்செருகல். ஓசை ஒத்துவரும், பொருளும் ஏறக்குறைய வரும். அறிந்தவன் வாசித்தால் இந்த அடி இந்தக் கையின் அடியல்ல என்று சொல்லிவிடுவான்.

ஃபைபர் கண்ணாடியில் செய்த பானெட் புதிதாகவே கிடைக்கும். எடை குறைவு, துரு ஏறாது, விலையும் சகாயம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். எங்களில் இளையவன் ஒரு வாரம் அதற்காக வாதாடினான். ஆனால் இரவு பானெட்டைச் சாத்தும்போது இரும்பு எழுப்பும் அந்தத் தாழ்ந்த ஓசையை ஃபைபர் எழுப்புவதில்லை. இது தர்க்கமல்ல என்பது தெரிந்தும், வாதம் அத்தோடு நின்றது.

செப்டம்பரில் ஹாம்ப்ஷயரின் பியூலி மாளிகைத் திடலில் பழம்பொருள் வண்டிச் சந்தை கூடும். 1967 முதல் நடப்பது. ‘ஆட்டோஜம்பிள்’ என்ற சொல்லே அங்கே பிறந்ததுதான். காலை ஈரப்புல்லில், பெயர் தெரியாத வண்டிகளின் கதவுகள், ரேடியேட்டர் முகங்கள், கண்ணில்லாத விளக்குகள் வரிசைவரிசையாகச் சாய்த்துக் கிடத்தப்பட்டிருக்கும். காரைக்குடியில் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளும் தூண்களும் கடைவாசலில் சாய்ந்து நிற்கும் தெருவில் நடந்தவர்களுக்கு, அந்தத் திடலில் மனம் அடைவது புதிய துக்கமாக இராது. எந்தக் கதவைத் தொட்டாலும் அதைச் சுற்றி ஒரு வீடு இல்லாமலாகியிருக்கிறது. அங்கே எங்களுக்குப் பானெட் கிடைக்கவில்லை. இணைப்புக் கோட்டின் மேல் பதிக்கும் பட்டைகள் இரண்டும், ஒரு கதவுக் கைப்பிடியும் கிடைத்தன.

பானெட் இருக்கும் இடத்தைச் சந்தையில் பேச்சுக் கொடுத்த ஒருவர் சொன்னார். லிங்கன்ஷயரில் ஒரு பண்ணைக் கொட்டகை. 1969ஆம் ஆண்டு மார்க் 3. உரிமையாளரான முதியவர் தார்ப்பாயை விலக்கியபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பானெட்டில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. வெயிலில் வெளிறிய மூல வர்ணம், விளக்குக் குழியில் துருவின் பொட்டுகூட இல்லை. ஆனால், தான் பானெட்டை மட்டும் விற்கப்போவதில்லை என்றார் அவர். வண்டியாகவே எடுத்துக்கொள்வதென்றால் பேசலாம். விலையும் நியாயமான விலைதான்.

வழக்கமாக இந்தத் துறையில் செய்வது எளியது. வாங்கு, வேண்டியதைக் கழற்று, மிச்சத்தைப் பிரித்து விற்று முதலை மீட்டுக்கொள். எங்களுக்கு அது கைவரவில்லை. அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தோம். சில் இரண்டு பக்கமும் போயிருந்தது. தரை பாதி இல்லை. ஆனால் பின் மட்கார்டுகள், கதவுகள், டிக்கி எல்லாம் எங்களுடையதைவிட மேல். செத்த வண்டி என்று சொல்லிவிட முடியாது. ஐந்தாண்டு கொடுத்தால் எழுந்து நடக்கும்.

அன்றிரவு காணொளியில் அப்பாவை அழைத்தோம். கைநடுக்கம் வந்தபிறகு அவர் பட்டறைக்குப் போவதில்லை. ஆனால் தகட்டைப் பற்றிய கேள்வி என்றால் குரல் நிமிர்ந்துவிடும். இரண்டு வண்டிகளின் படங்களையும் வரிசையாகப் பார்த்தார். எதையும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டுல எதுல தகடு ஜாஸ்தி மிச்சம் இருக்கு?”

“அந்த வண்டியிலதாம்பா.”

“அப்ப எதை ஒடைக்கணும்?”

புதுப்பேட்டையின் கணக்கு அது. அங்கே எந்த வண்டிக்கும் சொந்தக் கதை கிடையாது; எதில் இரும்பு அதிகமோ அது வாழும், மற்றது அதற்கு உணவாகும். அந்தக் கணக்கின்படி உடைபடவேண்டியது எங்கள் வண்டி. நாங்கள் இரண்டாண்டு பற்றவைத்த சில்லும் தரையும், கதவின் இடைவெளிக்காக விழித்திருந்த இரவுகளும், இங்கிருந்து வெட்டியெடுக்கப்பட்டு அங்கே போய்ச் சேரவேண்டியவை. கேள்வியின் நியாயம் உறைத்ததால் இருவரும் பதில் சொல்லாமல் இருந்தோம். எங்கள் வண்டி என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்? எஃப்.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் அதன் எண், உடலில் அறையப்பட்ட ஒரு சிறு தகட்டில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடலாம். மற்றபடி தரை புதியது, சில் புதியது, எஞ்சினுக்குள் பாதி புதியது. திருப்பணியில் கல்லை மாற்றினாலும் பாலாலயத்தில் காத்திருந்த தெய்வம் திரும்பிவந்து அமர்ந்துகொள்கிறது. அதனால் கோயில் அதே கோயில். வண்டியில் திரும்பிவந்து அமர்வது எது என்பதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. 1894இல் அதைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அந்த இடங்களைத் தாமே எழுதி நிரப்பவில்லை. இல்லாததை இல்லாததாகவே விட்டார். பதிப்பாசிரியரின் அறம் அது. ஆனால் மூக்கில்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. விளக்கு வேண்டும், விளக்குக்குக் குழி வேண்டும், குழிக்குத் தகடு வேண்டும். எனவே எங்களுக்கு எஞ்சியிருந்தது பதிப்பாசிரியரின் வழியல்ல, ஏடு பெயர்த்தெழுதியவரின் வழி. நல்ல சுவடி ஒன்றை இரவல் வாங்கி, பார்த்து எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவது.

முதியவரிடம் அதைக் கேட்டோம். விலைக்குத் தரமாட்டேன் என்றவர், இரவலாகத் தரச் சம்மதித்தார். ஆறு வாரம், அவர் கொட்டகைக் கதவின் கீல்கள் இரண்டையும் பற்றவைத்துக் கொடுப்பது வாடகை.

அதன்பின் நடந்ததெல்லாம் அப்பாவின் பட்டறை. நல்ல பானெட்டின்மேல் தடித்த காகிதத்தைப் பரப்பி, விளிம்புகளைக் கட்டை விரலால் தேய்த்து அச்செடுத்தோம். காகிதம் சுருங்கும் இடத்தில் தகட்டைக் குறுக்கவேண்டும், காகிதம் கிழியும் இடத்தில் தகட்டை நீட்டவேண்டும் என்பது அவர் சொன்ன இலக்கணம். வளைவுகளுக்கு அட்டையில் வெட்டிய அளவுத் துண்டுகள் இருபத்திரண்டு. 20 கேஜ் தகடு, ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமன். மணல் மூட்டையின்மேல் வைத்து மரச் சுத்தியால் குழித்து, டாலியை அடியில் கொடுத்து மேலே தட்டி நிரவி, அட்டையை வைத்துப் பார்த்து, மீண்டும் மணல் மூட்டைக்கு. காணொளியில் அவருக்குப் படம் தெளிவாகத் தெரியாது. ஆனால் சத்தத்தைக் கேட்டே நிறுத்தச் சொல்வார். “தகடு சூடாயிடுச்சு. விடு. டீ குடிச்சிட்டு வா.” அடிபட அடிபட இரும்பு இறுகும் என்பதையும், இறுகியபின் அடித்தால் வெடிக்கும் என்பதையும் புத்தகத்தில் படித்திருந்தோம். ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் ஒலியை வைத்து அந்தக் கணத்தைச் சொல்வதைப் புத்தகத்தில் படித்ததில்லை.

இடதுபக்க விளக்குக் குழிக்குக் கீழ்ப்பகுதி பதினொரு நாளில் வந்தது. வலதுபக்கம் ஐந்து நாள். மூக்கின் கீழ்விளிம்பு இரண்டு முறை குப்பைக்குப் போய் மூன்றாம் முறை நின்றது. பழைய தகட்டில் வலுவாக இருந்த இடம் வரை வெட்டி, புதியதை முனைக்கு முனை வைத்து, சூடு ஓரிடத்தில் தங்கி நெளியாமலிருக்க அங்கொன்று இங்கொன்றாகப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தோம். பட்டி பூசினோம், பூசவேயில்லை என்று சொல்லிக்கொள்ளும் வீரர்களை நாங்கள் நம்புவதில்லை. ஆனால் எங்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. காந்தம் ஒட்டுகிறது.

குறித்த வாரத்தில் இரவல் பானெட்டைத் திருப்பிக் கொண்டுபோய், நாங்கள் இருவரும் முதியவரும் அவர் மருமகனுமாகப் பிடித்து, அந்த வண்டியின் கீலிலேயே மாட்டினோம். கொட்டகைக் கதவு இப்போது உரசாமல் திறக்கிறது. அந்த வண்டியை யாருக்கும் விற்கவில்லை என்று போன மாதம் சொன்னார். எங்கள் அட்டை அளவுத் துண்டுகளின் ஒரு படியை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம், என்றைக்காவது எவருக்காவது வேண்டியிருக்கும் என்று.

எங்கள் பானெட்டுக்கு மேற்புறம் வர்ணம் அடித்தாயிற்று. உட்புறம் சக்கரம் நீரடிக்கும் பகுதிக்கு மட்டும் கறுப்புப் பூச்சு. மற்ற இடத்தில் துத்தநாகப் பூச்சோடு விட்டிருக்கிறோம். சுத்தியின் தடங்கள் மழைத்துளி விழுந்த மண்போலத் தெரிகின்றன. கதவுக்கும் பானெட்டுக்கும் இடையில் இடதுபுறம் 5 மி.மீ., வலதுபுறம் 6. படம் அனுப்பினோம். மேற்புறத்தின் மூன்று படங்களுக்கும் அப்பாவிடமிருந்து பதில் இல்லை. நான்காவதாக உட்புறத்தின் படத்தை அனுப்பியபோது அழைத்தார். வலதுபக்கம் அடித்தது யார் என்று கேட்டார்.